தென்னை நார்க்கழிவு ஏற்றுமதி: சிறு ஆலைகள் நிலைத்து நிற்பது எப்படி?

நார் மில்களின் ஓரத்தில் மலைபோல் குவிந்து, ஒரு தீப்பொறி பட்டால் நாட்கணக்கில் புகைந்து கொண்டிருந்த தென்னை நார்க்கழிவு இன்று கப்பல் ஏறிப் போகிறது. ஒரு கிலோ நார் எடுத்தால் சுமார் இரண்டு கிலோ கழிவு மிஞ்சும். மில்காரர்கள் 'பித்' என்று சொல்லும் இந்தக் கழிவை அப்புறப்படுத்த ஒரு காலத்தில் கைக்காசு செலவழிக்க வேண்டியிருந்தது. 2020-21-ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து தென்னை நாரும் நார்ப் பொருட்களும் 3,778 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதியாயின. இதில் ஏறக்குறைய சரிபாதி, கழிவு என்று ஒதுக்கப்பட்ட பித் ஈட்டித் தந்த பணம் என்பது குறிப்பிடத்தக்கது.

பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை வட்டாரங்களிலும் தென்னை மிகுந்த பிற பகுதிகளிலும் பித் கட்டி தயாரிக்கும் சிறு ஆலைகள் பல இயங்குகின்றன. தென்னை விவசாயிகள் சிலர் கூட்டுச் சேர்ந்தும் ஆலை தொடங்குகிறார்கள். நிலத்தை ஈடு காட்டிக் கடன் வாங்கி இயந்திரம் போடுபவர்களும் உண்டு. முதல் கண்டெய்னர் அனுப்பும் நாளில் தேங்காய் உடைத்துப் பூசை போடுகிறார்கள். ஆனால் நாலைந்து கண்டெய்னர்களுக்குப் பிறகு ஆர்டர் நின்று போய், களம் காலியாகக் கிடக்கும் ஆலைகளும் உண்டு. வேறு சில ஆலைகளோ, அதே அளவு முதலீட்டில், ஆண்டுக்கணக்கில் அதே வெளிநாட்டு வியாபாரிக்குச் சரக்கு அனுப்பிக் கொண்டிருக்கின்றன.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் இயந்திரத்தின் அளவோ, முதலாளியின் ஆங்கிலப் புலமையோ அல்ல. முதல் முறை அனுப்பிய சரக்கின் தரத்தையே பத்தாவது முறையும் மாறாமல் அனுப்ப முடிகிறதா என்பதே காரணம். ஏற்றுமதியில் சிறு ஆலையின் உண்மையான லாபம் இரண்டாவது ஆர்டரில்தான் தொடங்குகிறது.

வாங்குபவர் யார்?

அமெரிக்கா, சீனா, நெதர்லாந்து, தென்கொரியா, ஸ்பெயின், ஆஸ்திரேலியா முதலிய நாடுகள் நமது பித்தை வாங்குகின்றன. அங்கே பசுமைக் குடில்களில் தக்காளி, குடைமிளகாய், ஸ்ட்ராபெரி போன்ற பயிர்களை மண் இல்லாமலேயே வளர்க்கிறார்கள். பித் நிரப்பிய பைகளில் நாற்றை வைத்து, சொட்டுக் குழாய் மூலம் உரம் கரைத்த தண்ணீரைக் கொடுக்கிறார்கள். வீட்டுத் தோட்டம் போடுவோரும் தொட்டிகளுக்கு இதையே வாங்குகிறார்கள். முன்பு இதற்கெல்லாம் சதுப்பு நிலங்களிலிருந்து வெட்டி எடுக்கும் 'பீட்' என்ற கரிய மக்கு மண்ணைத்தான் பெரிதும் நம்பியிருந்தார்கள். அந்தச் சதுப்பு நிலங்களை வெட்டுவது சுற்றுச்சூழலுக்குக் கேடு என்ற எண்ணம் வலுத்ததால் பித்துக்குத் தேவை கூடியது. இந்த வியாபாரத்தில் இலங்கை நமக்கு முன்பே கால் பதித்த நாடு. இன்றும் நமக்குப் போட்டி.

ஆக, கடைசியில் இந்தச் சரக்கைப் பயன்படுத்துபவரும் ஒரு விவசாயியே. நாற்று வாடினால் அவருடைய ஒரு பருவமே போய்விடும். மட்டமான விதையைக் கொடுத்த கடைக்காரரிடம் நம் ஊர் விவசாயி மறுபடி போவாரா? அங்கேயும் அப்படித்தான்.

உப்பு நீக்கம்தான் முதல் பரீட்சை

மட்டையில் இயற்கையாகவே பொட்டாசியம், சோடியம், குளோரைடு ஆகிய உப்புகள் உண்டு. கடலோரத் தோப்பு மட்டையில் உப்பு கூடுதல். இந்த உப்பு எவ்வளவு என்பதை மின் கடத்தும் திறனைக் கொண்டு அளக்கிறார்கள். மண் பரிசோதனை அட்டையில் 'இ.சி.' என்று குறிப்பிடுவது இதைத்தான். கழுவாத பித்தில் இது 2-க்கு மேல், சில வேளை 5, 6 என்றுகூட இருக்கும். பசுமைக் குடில் விவசாயி கேட்பதோ பெரும்பாலும் 0.5-க்கும் குறைவான சரக்கு.

நல்ல தண்ணீரில் கழுவினால் இ.சி. இறங்கும். இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஆலைக் கிணற்று நீரே உப்பாக இருந்தால், எத்தனை முறை கழுவினாலும் அந்த நீரின் அளவுக்குக் கீழே பித்தின் உப்பு இறங்காது. ஆகவே, இடம் வாங்கும் முன், இயந்திரத்துக்கு முன்பணம் கட்டும் முன், கிணற்று நீரைப் பரிசோதனை செய்வதே முதல் வேலை. கோடையிலும் மழைக்காலத்திலும் தனித்தனியே பார்ப்பது நல்லது.

தண்ணீரில் கழுவுவதால் மட்டும் எல்லா உப்பும் போய்விடாது. சோடியமும் பொட்டாசியமும் பித்துத் துகளோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பின்னர் உரத்தண்ணீர் விடும்போது அவை விடுபட்டு, பயிருக்குப் போக வேண்டிய சுண்ணாம்புச் சத்தைப் பித் பிடித்துக் கொள்ளும். இதைத் தவிர்க்க, கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து மறுபடி கழுவுகிறார்கள். களர் நிலத்தில் ஜிப்சம் போட்டு, நீர் கட்டி, வடித்து விடும் வேலையை அறிந்த விவசாயிக்கு இது புதிதல்ல. அங்கே மண்ணில் சுண்ணாம்புச் சத்து சோடியத்தைத் தள்ளுகிறது. இங்கே பித்தில் தள்ளுகிறது. இந்த 'பஃபர்' செய்த சரக்குக்கு விலையும் கூடுதல்.

சோதனை முறையிலும் ஒரு சிக்கல் உண்டு. பித்தோடு எவ்வளவு தண்ணீர் கலந்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்து இ.சி. மாறும். நெதர்லாந்தில் ஒரு பங்கு பித்துக்கு ஒன்றரைப் பங்கு தண்ணீர் என்று கலந்து சோதிப்பது வழக்கம். தண்ணீரைக் கூடுதலாகக் கலந்து இங்கே சோதித்தால், அதே சரக்கு இங்கே தேறிவிடும், அங்கே தோற்றுவிடும். எந்த முறையில் சோதிப்பது என்பதை ஆர்டரிலேயே எழுதி வாங்கிக் கொள்ள வேண்டும். இந்த ஒரு வரி பல தகராறுகளைத் தவிர்க்கும்.

எடைக்கு விற்பனை, லிட்டருக்குக் கணக்கு

சந்தையில் அதிகம் போவது 5 கிலோ கட்டி. தண்ணீர் ஊற்றினால் அது உப்பி ஏறக்குறைய 65 முதல் 75 லிட்டர் வரை பித் தரும். விற்பவர் எடையைப் பார்க்கிறார். வாங்குபவரோ இந்த லிட்டரைப் பார்க்கிறார். அவருக்குத் தொட்டிகள் நிரம்ப வேண்டும். சரியாகக் காயாத பித்தை அழுத்தினால் எடை நிற்கும், லிட்டர் குறையும். மணல் கலந்தாலும் அப்படியே. நெடுநாள் கிடந்து கறுத்து மக்கிய பித்தைப் புதுப் பித்தோடு கலந்தால், ஒரு கட்டி ஒரு மாதிரியும் மறு கட்டி வேறு மாதிரியும் உப்பும். நாலு கிலோ ஈரத்தில் லாபம் பார்த்தவர் நாற்பது கண்டெய்னர் வியாபாரத்தை இழக்கிறார்.

நிலைத்து நிற்கும் ஆலைகளில் ஒரு வழக்கத்தைக் காணலாம். ஒவ்வொரு நாள் உற்பத்தியிலிருந்தும் இரண்டு மூன்று கட்டிகளை எடுத்து, தண்ணீர் ஊற்றி, லிட்டர், இ.சி., கார அமில நிலை ஆகியவற்றை நோட்டில் எழுதி வைக்கிறார்கள். ஒவ்வொரு கண்டெய்னரிலிருந்தும் மாதிரிக் கட்டிகளைத் தேதி போட்டு ஆலையிலேயே பத்திரப்படுத்துகிறார்கள். அங்கிருந்து புகார் வந்தால், அதே நாள் கட்டியை இங்கே பிரித்துப் பார்த்துப் பதில் சொல்ல முடிகிறது. இதற்கு ஆகும் செலவு, ஒரு சிறிய இ.சி. மீட்டரும் ஒரு நோட்டும் ஓர் ஆளின் அரை மணி நேரமும்தான்.

களை விதை கண்ணுக்குத் தெரியாத எதிரி

மண் தரையில் உலர்த்தும் பித்தில் களை விதையும் மணலும் கல்லும் சேரும். களத்தைச் சுற்றிப் பார்த்தீனியமும் கோரையும் பூத்து நின்றால், காற்றில் வரும் விதையையும் தடுக்க முடியாது. ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் தாவரத் தடுப்புச் சோதனை மிகக் கடுமை. பித்தில் உயிருள்ள விதையோ மண்ணோ அகப்பட்டால் சரக்கு துறைமுகத்திலேயே நிற்கும். அதைத் திருப்பிக் கொண்டு வரும் கூலி சரக்கின் விலையையே விழுங்கிவிடும்.

ஆகவே சிமெண்டுக் களமும், களத்தைச் சுற்றிக் களை இல்லாத சுத்தமும் அவசியம். ஆடு, மாடு, நாய், கோழி ஆகியவை களத்தில் ஏறாதபடி வேலி வேண்டும். கட்டிகளை அடுக்க மரப் பலகைத் தட்டுகளைப் பயன்படுத்தினால், அவை வெப்பத்திலோ புகைமூட்டத்திலோ பதப்படுத்தப்பட்டு, பன்னாட்டு விதிப்படி முத்திரை பெற்றவையாக இருக்க வேண்டும். பித் நன்றாக இருந்தும் பலகையால் சரக்கு நிற்பது வீண் நஷ்டம் அல்லவா?

மழைக் கணக்கும் அவர்கள் பருவமும்

பித் காய வெயில் வேண்டும். தை முதல் வைகாசி வரை களம் ஓடும். மழைக்காலத்தில் களம் முடங்கும். ஐரோப்பாவிலோ தோட்ட வேலை மும்முரமாகும் வசந்த காலம் மார்ச்சில் தொடங்குகிறது. சரக்கு அதற்கு முன்பே கடையில் இருக்க வேண்டும் என்றால், தூத்துக்குடியில் நவம்பர், டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஏற்றியாக வேண்டும். அதாவது வடகிழக்குப் பருவமழை கொட்டும் நேரத்தில்தான் ஆர்டர் குவிகிறது!

மழை நாளில் அவசரத்துக்கு ஈரச் சரக்கை அழுத்தி அனுப்பிப் பெயரைக் கெடுத்துக் கொள்பவர்கள் உண்டு. கோடையிலேயே கழுவிக் காயவைத்து, நனையாத கொட்டகையில் இருப்பு வைத்தவர்களே அந்த நேரத்தில் சொன்ன தேதிக்கு ஏற்ற முடிகிறது. எனவே புதிதாக ஆலை போடுபவர் இரண்டாவது அழுத்து இயந்திரத்துக்குச் செலவிடும் பணத்தை முதலில் நல்ல கொட்டகைக்குச் செலவிடுவதே புத்திசாலித்தனம்.

விலை சொல்லும் முன் கப்பல் கூலி

பித் இடம் அடைக்கும் சரக்கு, விலை மலிவானது. 40 அடி கண்டெய்னர் ஒன்றில் 5 கிலோ கட்டிகளாகச் சுமார் 24, 25 டன் ஏறும். இதன் விலையோடு ஒப்பிட்டால் கப்பல் கூலி பெரிய தொகை. கொரோனாவுக்குப் பின் 2021-இல் கப்பல் கூலி பல மடங்கு ஏறியது. 2023-ஆம் ஆண்டு இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதால், ஐரோப்பா போகும் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்கோடியைச் சுற்றிப் போக நேர்ந்தது. நாளும் கூடியது, கூலியும் கூடியது.

கப்பல் கூலியை யார் கட்டுவது என்பது இங்கே முக்கியமாகிறது. நம் துறைமுகத்தில் கப்பல் ஏற்றுவதோடு விற்பவர் பொறுப்பு முடியும் விலையை 'எப்.ஓ.பி.' என்பார்கள். கூலியும் இன்சூரன்சும் சேர்த்து அங்கே கொண்டு சேர்க்கும் விலை 'சி.ஐ.எப்.' ஆகும். கூலி நிலையில்லாத காலத்தில், சிறு ஆலை எப்.ஓ.பி. விலையில் விற்பதே பாதுகாப்பு. சி.ஐ.எப். விலை சொல்ல வேண்டி வந்தால், அந்த விலை எத்தனை நாள் செல்லும் என்று தேதி போட்டுச் சொல்ல வேண்டும்.

பக்கத்து ஆலையை விடக் கிலோவுக்கு ஐம்பது காசு குறைத்தால் ஆர்டர் வரும் என்று எண்ணுவது தவறான கணக்கு. அந்த ஐம்பது காசு கடைசியில் கழுவும் தண்ணீரிலும் காயும் நாளிலும்தான் குறையும். மட்டை, கூலி, மின்சாரம், கழிவு, வட்டி, வண்டி வாடகை, துறைமுகச் செலவு அனைத்தையும் எழுதிக் கூட்டி, அதற்குக் கீழே இறங்குவதில்லை என்று ஒரு கோடு போட்டுக் கொள்வதே நல்லது.

பணம் பத்திரமாக வந்து சேர

முகம் தெரியாத வியாபாரிக்குச் சரக்கை அனுப்பிவிட்டுக் காத்திருப்பது சிறு ஆலைக்கு ஆபத்து. முதல் ஆர்டருக்கு ஒரு பகுதியாவது முன்பணம் வாங்க வேண்டும். அல்லது வங்கி மூலம் 'எல்.சி.' என்னும் கடன் உறுதிக் கடிதம் பெற வேண்டும். எல்.சி.யில் வங்கி சரக்கைப் பார்ப்பதில்லை. காகிதத்தை மட்டுமே பார்க்கும். பெயரில் ஓர் எழுத்து, எடையில் ஒரு எண், தேதியில் ஒரு நாள் தவறினாலும் பணம் தடைப்படலாம்.

மத்திய அரசின் ஏற்றுமதிக் கடன் உத்தரவாத நிறுவனமான 'இ.சி.ஜி.சி.' 1957-இல் தொடங்கப்பட்டது. வாங்கியவர் நொடித்துப் போனாலோ பணம் தராமல் இழுத்தடித்தாலோ ஏற்படும் நஷ்டத்துக்கு இதில் காப்பீடு செய்து கொள்ளலாம். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. 'சரக்குத் தரமில்லை' என்று வாங்கியவர் தகராறு செய்தால், அந்த வழக்கு விற்பவர் பக்கம் தீரும் வரை காப்பீட்டுத் தொகை எளிதில் கிடைக்காது. தரத்துக்கு வேறு யாரும் ஜாமீன் நிற்க முடியாது. மாதிரிக் கட்டியும் நோட்டுப் புத்தகமும்தான் சாட்சி.

பதிவுகள்

ஏற்றுமதி செய்ய, வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் தரும் 'ஐ.இ.சி.' எண் வேண்டும். இதை இணையத்திலேயே பெறலாம். ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் வரை இதில் உள்ள விவரங்களை மறுபடி உறுதிப்படுத்த வேண்டும். தவறினால் எண் முடங்கும். 1953-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த கயிறு வாரியத்தின் தலைமையகம் கொச்சியில் உள்ளது. அதில் ஏற்றுமதியாளராகப் பதிவு செய்து கொள்ள வேண்டும். இந்த வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் ஆலப்புழை அருகே கலவூரில் இருக்கிறது. சரக்கோடு போக வேண்டிய தாவர நலச் சான்றிதழை மத்திய அரசின் பயிர்ப் பாதுகாப்பு மற்றும் தடுப்புத் துறை வழங்குகிறது. ஜி.எஸ்.டி.யில் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்துவிட்டால் வரி கட்டாமலேயே அனுப்பலாம். ஐரோப்பியப் பசுமைக் குடில்களுக்கு விற்க விரும்புவோர், நெதர்லாந்தின் 'ஆர்.எச்.பி.' தர முத்திரையைப் பற்றியும் அறிந்து வைத்திருப்பது நல்லது.

படிப்படியாக ஏறுவதே மேல்

எடுத்த எடுப்பிலேயே நேரடி ஏற்றுமதியில் இறங்க வேண்டியதில்லை. முதல் ஓரிரு ஆண்டு, ஏற்கெனவே ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனிக்குக் கட்டி தயாரித்துக் கொடுக்கலாம். லாபம் சற்றுக் குறைவு. ஆனால் வெளிநாட்டார் எதைப் பார்க்கிறார்கள், எதற்குச் சரக்கைத் தள்ளுகிறார்கள் என்ற பாடம் இலவசம். பிறகு ஒரு நாடு, ஒரே வகைக் கட்டி, இரண்டு மூன்று வியாபாரிகள் என்று தொடங்கலாம். ஒரே வியாபாரியை நம்பி முழு ஆலையையும் ஓட்டுவது, ஒரே கிணற்றை நம்பிப் பத்து ஏக்கர் வாழை வைப்பது போன்றதாகும்.

கொட்டகை, சோதனைக்கூடம், கழுவு தொட்டி ஆகியவற்றைத் தனித்தனியே அமைக்க இயலாதவர்கள் கூட்டாக அமைக்கலாம். பாரம்பரியத் தொழில்களுக்காக மத்திய அரசு 2005-இல் கொண்டு வந்த 'ஸ்பூர்த்தி' திட்டத்தின் கீழ் தென்னை நார்த் தொழிலுக்கும் பொது வசதி மையங்கள் அமைக்கப்பட்டுள்ளன. ஆனால் கூட்டுத் தொழிலில் எல்லாரும் ஒரே தரத்துக்குக் கட்டுப்பட வேண்டும். பத்துப் பேரின் சரக்கு ஒரே கண்டெய்னரில் போகும்போது, ஒருவர் சேர்த்த மணல் பத்துப் பேர் பெயரையும் கெடுக்கும்.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது?

பித் கழுவிய பழுப்பு நீரை ஓடையில் விடுவதும் குழியில் தேக்குவதும் அக்கம்பக்கத்துக் கிணறுகளைக் கெடுக்கும். இதனால் தென்னை விவசாயிகளுக்கும் ஆலைகளுக்கும் இடையே மனக்கசப்பு ஏற்பட்டுள்ள இடங்கள் உண்டு. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-இல் தென்னை நார்த் தொழிலை வெள்ளை வகையிலிருந்து ஆரஞ்சு வகைக்கு மாற்றியது. கழுவும் வேலை உள்ள ஆலை, உலர் வேலை மட்டும் உள்ள ஆலை ஆகியவற்றுக்கு இப்போதுள்ள விதி என்ன என்பதை வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டறிந்தே தொடங்க வேண்டும். கழுவு நீரைத் தொட்டியில் சேர்த்துத் தெளிய வைத்து மறுபடி பயன்படுத்த வழி செய்யாத ஆலை, இன்று லாபம் காட்டினாலும் நாளை ஊராரின் எதிர்ப்பால் நிற்கும். கிணறு கெட்டால் தென்னை கெடும். தென்னை கெட்டால் மட்டை ஏது?

மட்டை விற்பவர் கவனத்துக்கு

ஆலை வைக்காத விவசாயிக்கும் இதில் பங்கு உண்டு. மட்டையை மண், சாணம் ஒட்டாமல் ஒதுக்குப்புறமாகக் குவித்து வைத்தால் நல்ல ஆலை விரும்பி வாங்கும். பச்சை மட்டை, காய்ந்த மட்டை இரண்டையும் கலக்காமல் தனித்தனியே கொடுத்தால் விலை பேச இடம் உண்டு. பல தோப்புக்காரர்கள் சேர்ந்து மொத்தமாகக் கொடுத்தால், ஆலைக்கு வண்டிச் செலவு மிச்சம். அந்த மிச்சத்தில் பங்கு கேட்கலாம். ஏற்றுமதிக்குத் தேறாத பித்தையும் வீணாக்க வேண்டாம். யூரியாவும் சிப்பிக் காளான் வித்தும் இட்டு, ஈரம் காத்து மக்க வைத்தால் அது நல்ல எருவாகும். நேரடியாகப் போட்டால் பயிருக்குப் போக வேண்டிய தழைச்சத்தை அது இழுத்துக் கொள்ளும் என்பதால், மக்க வைத்த பிறகே நிலத்தில் இட வேண்டும்.

ஏற்றுமதி என்றதும் பெரிய முதலாளிகளின் வேலை என்று ஒதுங்க வேண்டியதில்லை. கடன் வாங்கி அவசரப்பட்டுக் குதிக்கவும் வேண்டியதில்லை. கிணற்று நீரைச் சோதித்து, கொட்டகை போட்டு, தினமும் நோட்டில் எழுதி, சொன்ன தரத்தைச் சொன்ன தேதியில் அனுப்பும் சிறு ஆலை, பெரிய ஆலையோடு சமமாக நிற்க முடியும். இவற்றுள் எதற்கும் பெரிய படிப்போ பெரும் பணமோ தேவையில்லை. பருவம் தவறாமல் பயிர் செய்யும் விவசாயிக்குப் பழகிப்போன ஒழுங்கே போதுமானது.